பிள்ளைக்காகப் பேசப் போகும் பெற்றோருக்கு ஒரு துணை: திருகோணமலையில் இயங்கும் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

விசேட தேவையுடைய பிள்ளையின் கல்விக்காகப் பாடசாலையுடனும் வலயக் கல்வி அலுவலகத்துடனும் பேசவேண்டிய நிலையிலுள்ள பெற்றோருக்கு வழிகாட்டவும், தேவைப்படும்போது அவர்களுடன் கூட்டங்களுக்குச் சென்று அருகில் அமரவும் திருகோணமலை நகரில் ஒரு சிறிய சேவை இயங்கி வருகின்றது. ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியை ஒருவரும், கல்வித் திணைக்களத்தில் நீண்டகாலம் எழுதுவினைஞராக இருந்த ஒருவரும் இதனை நடத்துகிறார்கள். சட்டத்தரணி ஒருவர் இடையிடையே வந்து ஆலோசனை சொல்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஆட்கள் பெருகினால் தங்களால் ஈடுகொடுக்க முடியாது என்று அவர்கள் சொன்னதனால் பெயரையும் முகவரியையும் இங்கே நான் எழுதவில்லை. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரித்தால் வழி சொல்வார். என் மகளின் விடயமாக ஓராண்டுக்கு மேலாக இந்தச் சேவையைப் பயன்படுத்தியவள் என்ற முறையில், அதன் எந்தப் பகுதி உண்மையாகவே வேலை செய்கிறது, எந்தப் பகுதியை நம்பிப் போகக்கூடாது என்பதை எழுதிவைத்தால், அங்கே போகவிருக்கும் ஏனைய பெற்றோருக்குப் பயன்படும்.

மகளுக்குப் பெருமூளை வாதம் இருக்கிறது. பிடித்துக்கொண்டு நடப்பாள், படி ஏறுவது கடினம். வலது கை மெதுவாகவே எழுதும். பேச்சு தெளிவதற்குக் கேட்பவர் சற்றுப் பொறுமையாக இருக்கவேண்டும். வாசிப்பிலும் கணக்கிலும் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் குறைந்தவள் அல்லள். தரம் 3 முடியும் தறுவாயில், தரம் 4 வகுப்பறைகள் மாடியில் இருப்பதாகவும், ஆகவே அவளைக் கீழ்த்தளத்திலுள்ள விசேட கல்வி அலகுக்கு மாற்றுவது நல்லது என்றும் பாடசாலையில் சொன்னார்கள். கடுமையாகச் சொல்லவில்லை. "அங்கே பிள்ளைக்கு வசதியாக இருக்கும் அம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஒரு மாடிப்படிதான் ஒரு பிள்ளையின் பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கப் போகிறது என்பது அந்த அன்பான வார்த்தையில் மறைந்துபோயிருந்தது.

இந்தச் சேவையைப் பற்றி நான் முதலில் பாராட்டவேண்டியது, விசேட கல்வி அலகு என்றதுமே அவர்கள் முகம் சுளிக்கவில்லை என்பதை. இலங்கையில் இரத்மலானையிலுள்ள செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பாடசாலை 1912இல் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை பின்னாளில் வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் இப்படியான பாடசாலைகளுக்கு அப்பால், ஊர்ப் பாடசாலையிலேயே இத்தகைய பிள்ளைகளைச் சேர்க்கும் முயற்சி 1960களின் பிற்பகுதியில்தான் ஆரம்பித்தது. அலகுகள் அந்த முயற்சியின் தொடர்ச்சி. இன்று ஓர் அலகில் வெவ்வேறு வயதினரும் வெவ்வேறு வகைக் குறைபாடு உடையவர்களும் ஒரே அறையில், பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் இருப்பார்கள். உணவு உண்பதையும் உடை மாற்றுவதையும் முதலில் பழகவேண்டிய பிள்ளைக்கு அந்த அறையும் அந்த ஆசிரியரும் பெரும் பேறு. அசைவு மட்டும் சிரமமாக இருந்து, வகுப்புப் பாடத்தை முழுமையாகப் பின்பற்றக்கூடிய பிள்ளைக்கு அதே அறை ஒரு தேக்கம். சேவையை நடத்தும் ஆசிரியை என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "அலகு வேண்டாம் என்கிறீர்களா, அல்லது இந்தப் பிள்ளைக்கு அலகு பொருந்தாது என்கிறீர்களா?" என்பதுதான். முதலாவது விதமாகப் பேசினால் அலகிலுள்ள பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியரையும் தாழ்த்திப் பேசியதாகிவிடும் என்றும், கூட்டத்தில் நமக்கு முதல் ஆதரவு தரக்கூடியவர் அந்த அலகு ஆசிரியர்தான் என்றும் அவர் விளக்கினார். அது அப்படியே நடந்தது.

முதற் சந்திப்பில் சட்டம் பற்றி எதுவும் பேசவில்லை. வீட்டிலுள்ள கடதாசிகளைக் கொண்டுவரச் சொன்னார்கள்: பிறப்புச் சான்றிதழ், பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார விருத்திப் பதிவேடு, கிளினிக் கொப்பி, வைத்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கடிதங்கள், தவணை அறிக்கைகள், பழைய அப்பியாசக் கொப்பிகள். எழுதுவினைஞராக இருந்தவர் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமிட்டு, முகப்பில் ஒரு பட்டியல் எழுதி, கோவை ஒன்றை ஆக்கித் தந்தார். ஆங்கிலக் கடிதங்களின் சாரத்தை ஆசிரியை தமிழில் ஒவ்வொரு பந்தியாக எழுதி உடன் வைத்தார். வைத்தியசாலையிலிருந்து நாம் கொண்டுவரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்துவைத்திருக்கிறோம்? மகளின் அறிவாற்றல் வயதுக்கு ஏற்றபடி இருப்பதாக ஒரு விசேட வைத்திய நிபுணர் பழைய கடிதம் ஒன்றில் தெளிவாக எழுதியிருந்தார். அந்தக் கடிதம் மற்றக் கடதாசிகளுடன் ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது.

அதன் பின்னர் ஆசிரியை செய்வித்த ஒரு சிறு வேலை, என் கணிப்பில், இந்தச் சேவை தந்த எல்லாவற்றிலும் பெறுமதியானது. ஒரே அளவும் ஒரே தரமும் உடைய இரண்டு சொல்வதெழுதல் பகுதிகளை ஒரே வாரத்தில் மகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஒன்றை வகுப்பில் வழங்கப்படும் நேரத்துக்குள்ளும், மற்றதை அதன் ஒன்றரை மடங்கு நேரத்திலும் எழுதவைத்து, இரண்டு தாள்களிலும் திகதியையும் தொடங்கிய, முடித்த நேரங்களையும் குறிக்கும்படி கூறினார். முதலாவது தாளில் பாதி வரிகள் இல்லை. இருந்த வரிகளில் பிழையும் இல்லை. இரண்டாவது தாள் முழுமையாக இருந்தது. பிள்ளைக்கு விளங்கவில்லை என்று சொல்பவருக்கும் பிள்ளைக்கு நேரம் போதவில்லை என்று சொல்பவருக்கும் இடையிலான வழக்கை அந்த இரண்டு தாள்களும் தீர்த்துவைத்தன. இதற்கு எந்தப் பரிசோதனைக் கட்டணமும் இல்லை, கொழும்புக்குப் போகவும் வேண்டியதில்லை. கையெழுத்து மெதுவான எந்தப் பிள்ளையின் பெற்றோரும் இன்றைக்கே வீட்டில் செய்துபார்க்கலாம்.

அடுத்தது கடிதம். இந்தச் சேவையினரின் கடிதங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. பிள்ளை எதைச் செய்கிறாள், எது தடையாக இருக்கிறது, நாம் கேட்பது என்ன, எந்தத் திகதிக்கு முன்னர் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம் என்ற ஒழுங்கில் அமைந்திருக்கும். அதிபருக்கு முகவரியிட்டு, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி போகும். கையில் கொடுத்தால் நம்மிடமுள்ள பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்கவேண்டும். அது கூச்சமாக இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டிவைக்கவேண்டும். பெற்றோர் எழுதிக்கொண்டுவரும் வரைவுகளில் தங்கள் துன்பம், கடன், கோவில் நேர்த்தி, இரக்கம் காட்டும்படியான மன்றாட்டு ஆகியவைதான் முக்கால்வாசி இருக்கும் என்றும், அவற்றையெல்லாம் எடுத்துவிடுவதுதான் தனக்கு எப்போதும் கடினமான வேலை என்றும் எழுதுவினைஞர் சொன்னார். இரங்கும்படி கேட்டால் இரங்குவதும் இரங்காததும் அதிபரின் விருப்பம்; கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ, இல்லையென்றால் ஏன் என்றோ பதில் சொல்லியாகவேண்டும்.

வாய்மொழியாக ஏதாவது பேசிவிட்டு வந்தால், அதே நாளில் ஒரு சிறு குறிப்பு அனுப்பவும் பழக்குகிறார்கள். "இன்று காலை தங்களைச் சந்தித்தபோது, அடுத்த தவணையில் இது பற்றி ஆராய்வதாகத் தாங்கள் தெரிவித்தமைக்கு நன்றி" என்பது போன்ற இரண்டு வரிகள் போதும். திருகோணமலை போன்ற ஊரில் இது இலகுவான காரியம் அல்ல. அதிபரின் மனைவி நம்மோடு படித்திருப்பார். வகுப்பாசிரியை அடுத்த ஒழுங்கையில் இருப்பார். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் எல்லோரும் ஒருவரை ஒருவர் காண்போம். அப்படிப்பட்ட இடத்தில் எழுத்தில் கேட்பது என்றாலே பெட்டிசம் போட்டுவிட்டாள் என்று பேச்சு எழும். இந்தத் தயக்கத்துக்கு அந்த எழுதுவினைஞர் சொன்ன மறுமொழி எனக்குச் சரியாகப் பட்டது. அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடமாற்றம் வரும். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டால் வாக்கும் அவரோடு போய்விடும். கோவையிலிருக்கும் கடிதத்தைப் புதிதாக வருபவர் வாசிப்பார். நம்மூரில் பலரும் நாடும் மற்ற வழி, செல்வாக்குள்ள ஒருவரைப் பிடித்துத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லவைப்பது. அதனால் காரியம் விரைவாக நடக்கலாம். ஆனால் அந்தச் செல்வாக்கு உள்ளவரையில்தான் பிள்ளைக்கும் அந்தக் கதிரை.

சட்டம் தொடர்பாக இவர்கள் தருவது இரண்டு தரத்தில் இருக்கிறது. நேரில் சொல்வது நன்று, அச்சிட்டுத் தருவது நன்றல்ல.

நேரில் வந்த சட்டத்தரணி, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதைத் தெளிவாகவே எடுத்துக் கூறினார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணமாகக் கொண்டு எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி தொடர்பில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அது மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது அனுமதியைப் பற்றி. ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த வகுப்பறை, எவ்வளவு நேரம், எந்த உதவி என்பதை அது விரித்துச் சொல்லவில்லை. இயலாமையுடைய பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் உட்படுத்தல் கல்வியை உரிமையாகக் கூறும் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரையை இலங்கை 2016 பெப்ரவரியில் அந்தச் சமவாயத்துடன் சேர்த்தே ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் இங்கே ஒரு சமவாயம் நீதிமன்றத்தில் நேரடியாகப் பயன்படுவதற்கு உள்நாட்டுச் சட்டம் ஒன்று வேண்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின்முன் சமம் என்று கூறுவதோடு, பெண்கள், பிள்ளைகள், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடுகள் செய்வதற்கு அது தடையாகாது என்றும் கூறுகிறது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால், நம்மவருக்கு இதுதான் கைக்கெட்டும் கதவு. கடிதங்களில் திகதி ஏன் அத்தனை முக்கியம் என்பது அந்த ஒரு மாதக் கணக்கைக் கேட்டபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

தகவல் அறியும் உரிமை பற்றியும் அவர் சொன்னார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிரங்க அதிகாரசபை ஒன்றிடம் எழுத்தில் தகவல் கேட்டால், தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். வலயத்தில் எத்தனை அலகுகள் இயங்குகின்றன, எத்தனை பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பன போன்றவற்றை இதன் மூலம் கேட்கலாம். இதனை நான் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தவேண்டிய நிலையும் வரவில்லை.

இப்போது அவர்கள் அச்சிட்டுத் தரும் கைநூலுக்கு வருகிறேன். அழகான அட்டையுடன், தனியாள் கல்வித் திட்டம் என்ற தலைப்பில், நிரப்பவேண்டிய படிவங்களோடு ஒரு சிறு நூலைத் தருகிறார்கள். அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் உள்ள நடைமுறையிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே 1975இல் இயற்றப்பட்டு, 1990இல் பெயர் மாற்றம் பெற்ற ஒரு சட்டம், இயலாமையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்திலமைந்த திட்டம் ஒன்றைப் பாடசாலை தயாரிக்கவேண்டும் என்கிறது. அதனைத் தயாரிக்கும் குழுவில் பெற்றோர் உறுப்பினர்கள். பிள்ளையை அறிந்த இன்னொருவரைக் கூட்டத்துக்கு அழைத்துவரும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பாடசாலையின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லாவிட்டால் பொதுச் செலவில் சுயாதீன மதிப்பீடு ஒன்றைக் கோரலாம். இணக்கம் வராவிட்டால் விசாரணை அதிகாரியின் முன் போகலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே தனியாள் கல்வித் திட்டம் என்பது விசேட கல்வி ஆசிரியர்கள் பயிற்சியில் கற்று, முடிந்த இடங்களில் பயன்படுத்தும் ஒரு நல்ல தொழில் நடைமுறை. அமெரிக்கச் சட்டத்திலுள்ளதைப் போல அதிபரைக் கட்டுப்படுத்தும் கடமையாக அதனைக் காட்ட முடியாது. பிள்ளை தகுதியுடையது என்று தீர்மானிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் கூட்டம் நடத்தப்படவேண்டும் என்று கைநூலில் ஒரு வரி இருக்கிறது. அது அந்த நாட்டின் விதி. இங்கே அப்படி ஒரு விதி இருப்பதுபோல் ஒரு தாய் பிரதி அதிபரிடம் எடுத்துச் சொன்னபோது, அவர் நிதானமாக, "அந்தச் சுற்றறிக்கையின் இலக்கம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். நம்முடைய கல்வி நிர்வாகம் முழுவதும் சுற்றறிக்கையில் ஓடுவது. இலக்கம் சொல்ல முடியாதபோது அந்தத் தாய் சொன்ன மற்ற நியாயங்களும் மதிப்பிழந்துபோயின. வேறு நாட்டு நடைமுறையை முன்மாதிரியாகக் காட்டுவதில் தவறில்லை. எது முன்மாதிரி, எது இந்நாட்டுச் சட்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் பிரித்துக் காட்டாமல் அச்சிடுவது, நம்பிப் போகும் பெற்றோரை நடுவழியில் விடும் காரியம். இதை நேரிலும் சொன்னேன். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை படிவங்களை மட்டும் பயன்படுத்துங்கள்; அவை நல்லவை.

பாடசாலைக் கூட்டத்துக்கு ஆசிரியை வந்தார். அதிபர், வகுப்பாசிரியை, அலகு ஆசிரியர், வலயத்திலிருந்து விசேட கல்விக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர் ஆகியோர் இருந்தார்கள். துணைக்கு வருபவரின் பெயரையும் அவர் வருவதன் நோக்கத்தையும் முன்கூட்டியே கடிதத்தில் அறிவித்திருந்ததால் வாசலில் எந்த முறுகலும் ஏற்படவில்லை. பெற்றோர் பேசவேண்டும், துணையாள் பேசக்கூடாது என்பது இவர்களுடைய கட்டுப்பாடு. நான் தடுமாறிய இடங்களில் அவர் கோவையிலுள்ள உரிய தாளை எடுத்து என் முன்னால் வைத்தார், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை வாய் திறந்தார். பிள்ளை வகுப்பில் கவனம் செலுத்துவதில்லை என்று கூறப்பட்டபோது, "அந்த அவதானிப்பு எந்தப் பாடவேளையில், எந்தத் திகதியில் செய்யப்பட்டது சேர்? அதன் குறிப்பைப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேட்டார். குறிப்பு இருக்கவில்லை. அதன்பின் பேச்சு அனுமானத்தை விட்டு, மேசையிலிருந்த இரண்டு சொல்வதெழுதல் தாள்களின் பக்கம் திரும்பியது. அலகு ஆசிரியர் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையைத் தன் அறையில் வைத்திருப்பது பிள்ளைக்கும் பயனில்லை, தன்னிடம் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் பயனில்லை என்று சொன்னதுதான் திருப்புமுனை.

கிடைத்தது என்னவென்றால், கீழ்த்தளத்திலிருந்த வேறொரு வகுப்பு மாடிக்குப் போக, மகளின் வகுப்புக் கீழே வந்தது. ஒரு செலவும் இல்லாத இந்த மாற்றத்துக்காகத்தான் இத்தனை கடிதங்கள் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. தவணைப் பரீட்சைகளில் மேலதிக நேரம் தருவதாகவும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். இது இப்போதே பதிவாவது ஏன் அவசியம் என்பதையும் ஆசிரியை விளக்கினார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலும் பின்னர் சாதாரண தரத்திலும் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. அதற்கு மருத்துவச் சான்றுகளோடு பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். பாடசாலை தானே பல தவணைகளாக அந்த நேரத்தை வழங்கிவந்திருக்கிறது என்ற பதிவு அந்த விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். இப்படி இரண்டு ஆண்டுக்கு முன்னரே நினைத்துப் பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் இருப்பது ஆறுதல்.

கிடைக்காததையும் சொல்லவேண்டும். பிடிகம்பி உள்ள மலசலகூடம் இன்னும் வரவில்லை. எழுதுவதற்கும் நடப்பதற்கும் கைகொடுக்கும் உதவியாளர் என்ற பதவியே இல்லை என்ற பதில்தான் வந்தது. வாசற்படிக்குச் சரிவுப் பாதை ஒன்று கட்டப்பட்டது, ஆனால் அதைக் கட்டும்போது யாரும் அளவு பார்க்கவில்லை. சக்கர நாற்காலிக்கான சரிவு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்கவேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இரண்டு படிகள் சேர்ந்து ஓர் அடி உயரம் என்றால் 12 அடி நீளம் தேவை. கட்டியிருப்பதோ ஐந்து அடிகூட வராது. மழை நாளில் பெரியவர்களே அதில் கால் வைக்கத் தயங்குகிறார்கள். பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இலேயே வெளியிடப்பட்டுவிட்டன. இந்தச் சேவையினர் கடிதம் எழுதிக் கேட்கும்போது சரிவு ஒன்று வேண்டும் என்று மட்டும் எழுதாமல், நீளமும் அகலமும் கைபிடியும் எவ்வளவு என்று ஒரு வரைபடத்தையும் இணைத்திருந்தால் அந்தச் சீமெந்து வீணாகியிராது. அவர்களிடம் அந்தத் துறை அறிந்த ஒருவர் இல்லாதது பெரிய குறை.

குறை என்று பார்க்கும்போது, அவர்களுடைய சொந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நகரின் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், ஒடுங்கிய படிக்கட்டின் உச்சியில் அந்த அறை இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஏற முடியாதவர்களுக்காக ஆசிரியை கோவையோடு கீழே இறங்கிவந்து, பக்கத்துத் தேநீர்க் கடையின் மேசையில் வைத்துப் பேசுகிறார். அவருடைய மனதைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வைத்திய விவரங்கள் தேநீர் குடிக்க வருபவர்களின் காதில் விழும் இடத்தில் பேசப்படக்கூடாது. மேலே அறையிலும் கோவைகள் பூட்டில்லாத அலுமாரியில்தான் இருக்கின்றன. வாடகை குறைவு என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம், அது உண்மையாகவும் இருக்கலாம். இருந்தும் ஒரு பூட்டின் விலை அதிகமில்லை.

வேலை நாட்களில் முற்பகலில் மட்டும் திறந்திருப்பது இன்னொரு தடை. நகரத்திலும் உப்புவெளியிலும் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் மூதூர்ப் பக்கத்தவர்களுக்கு வழி இலகுவானது உண்மைதான் என்றாலும், வெருகலிலிருந்தோ திரியாயிலிருந்தோ நாட்கூலியை விட்டுவிட்டு வரும் ஒரு தாய்க்கு, முற்பகல் முடிவதற்குள் வந்துசேர்ந்து, எல்லாக் கடதாசியையும் காட்டி, திரும்பும் பேருந்தையும் பிடிப்பது பெரும்பாடு. தொலைபேசியில் முதற் கட்ட ஆலோசனை தருகிறார்கள். ஆனால் கோவை ஆக்குவது நேரில்தான். மாதத்தில் ஒரு நாள் மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் அமர்ந்தால் இந்தச் சேவை இப்போது எட்டாத பலரை எட்டும். மாவட்டத்தின் சிங்களக் கிராமங்களிலிருந்து வரும் பெற்றோருக்கு உதவக்கூடியவர் இங்கே எவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆசிரியையின் அனுபவம் பெரும்பாலும் செவிப்புலன் குறைபாட்டுடனும் உடல் அசைவுக் குறைபாட்டுடனும் தொடர்புடையது. அந்த வகைப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் யோசனைகள் துல்லியமாக இருக்கின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் விடயத்தில் அந்தத் துல்லியம் குறைகிறது. இரைச்சலைத் தாங்க முடியாமல் வகுப்பைவிட்டு ஓடும் ஒரு பையனின் தாய்க்குப் பொறுமையாக இருக்கும்படியும் பிள்ளை பழகிக்கொள்வான் என்றும் அறிவுரை சொல்லப்பட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன். அவன் எந்த நேரத்தில், எந்தச் சத்தத்துக்குப் பிறகு ஓடுகிறான் என்று இரண்டு வாரம் குறித்துவைக்கச் சொல்லியிருந்தால், மகளுக்குச் செய்த சொல்வதெழுதல் சோதனையைப் போல அதுவும் பாடசாலையின் முன் வைக்கக்கூடிய சான்றாகியிருக்கும். அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரின் எழுத்து ஆலோசனையை முதலில் பெற்று, அதனை எடுத்துக்கொண்டு கடிதம் எழுதும் வேலைக்கு மட்டும் இங்கே வருவது நல்லது.

கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை. போட்டோ கொப்பிச் செலவும் தபாற் செலவும் நம்முடையவை. துணைக்கு வருபவருக்கு ஓட்டோக் காசு கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. பணம் வாங்காத சேவையிடம் குறை சொல்வது அழகல்ல என்று சிலர் நினைக்கலாம். இவர்களே பாடசாலைகளிடம் இலவசக் கல்வி என்ற காரணத்துக்காகக் குறையைப் பொறுத்துக்கொள்ளவேண்டாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்பதால், அந்த அளவுகோலை அவர்கள் மேலும் வைக்கலாம்.

போகவிருப்பவர்கள் மூன்றாம் தவணை தொடங்கும்போதே போய்விடுங்கள். அடுத்த ஆண்டுக்கான வகுப்பறைகளும் வகுப்பாசிரியர்களும் ஒதுக்கப்படுவதற்கு முன்னர் கடிதம் போனால் இடம் மாற்றுவது அதிபருக்கும் இலகு. ஜனவரியில் போனால் எல்லாம் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். மூலப் பிரதிகளை அங்கே விட்டுவராமல் எல்லாவற்றையும் இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். சுகாதார விருத்திப் பதிவேட்டை மறக்கவேண்டாம். பிள்ளை எந்த மாதத்தில் உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்று குடும்பநல உத்தியோகத்தர் குறித்துவைத்த பக்கங்களைத்தான் ஆசிரியை முதலில் தேடுவார். பிள்ளை தன் கையால் எழுதிய கொப்பி ஒன்றையும் கொண்டுபோங்கள், திருத்தப்படாததாக இருந்தால் இன்னும் நல்லது. மாடிப்படி ஏற முடியாதவர்கள் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால், பிரதேச செயலகத்தில் ஓர் அறையைக் கேட்டுவாங்கி அங்கே சந்திக்க ஒழுங்கு செய்து தருகிறார்கள். தேநீர்க் கடைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.